நல்ல தண்ணீர் ஆகாத பயிர்

நடந்தவை, வரிசையாக:

1. சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் சத்து மாத்திரை நிறுவனம், சுருள்பாசி வாங்குவதற்குப் பண்ணை தேடி என்னைத் தஞ்சாவூர்ப் பக்கம் ஆறு நாள் அனுப்பியது. எனக்குத் தமிழ் தெரியும் என்பது முதல் தகுதி. உயிர்த்தொழில்நுட்பம் படித்தவள் என்பது இரண்டாவது.

2. பட்டியலில் மூன்று பண்ணைகள் இருந்தன. முதல் பண்ணையில் சுருள்பாசி இல்லை.

3. இரண்டாவது முகவரியில் பண்ணையே இல்லை. ஜெராக்ஸ் கடை இருந்தது.

4. என் கையிலிருந்த தெர்மோகோல் பெட்டியை மீன் பெட்டி என்று சொல்லி என்னை டவுன் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

5. மூன்றாவது பண்ணையில் எல்லாம் சரியாக இருந்தது, இரண்டு பகல் பொழுதுக்கு.

6. காவிரியில் புதுத் தண்ணீர் வந்தது.

ஆறாவதைப் படித்ததும் டெல்டாக்காரர்களுக்கு முகம் மலரும். எனக்கும் பொறையாறுதான் சொந்த ஊர். எனக்கும் மலர்ந்திருக்க வேண்டும். மலரவில்லை.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் மன்னார்குடிக்காரர் ஒருவர். கப்பல் பட்டறையில் வெல்டர். இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போகிறார். மடியில் ஒரு கம்பளி, காலடியில் தைலமும் சாக்லேட்டும் நிரம்பிய பை. என்ன வேலையாகப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். “பாசின்னா, குளத்துப் படியில வழுக்கி விழுவோமே, அதுங்களா? அதையா மாத்திரையாக்கி விக்கிறீங்க?” என்றார். அந்த ஆறு நாளில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் நியாயமானது அதுதான்.

அது இல்லை, இது வேறு. சுருள்பாசி என்பது நீலப்பச்சை நிற நுண்ணுயிர். நுண்ணோக்கியில் பார்த்தால் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரித் தெரியும். புரதம் நிறைய. இயற்கையாக அது செழிப்பது ஆப்பிரிக்காவில் சில உப்பு ஏரிகளில், பழைய மெக்சிகோ ஏரிகளில். மீன் பிழைக்காத, நெல் கருகிப்போகிற, மனிதர் வாய் கொப்பளிக்கக்கூட முடியாத காரத் தண்ணீர். மேலே சுள்ளென்று வெயில். சாட் நாட்டில் பெண்கள் அதைத் துணியில் வடித்து, மணலில் வட்டமாகக் காயவைத்து, குழம்புக்குப் போடுகிறார்கள். தண்ணீரின் பி.எச். அளவு ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் இருந்தால் இதைத் தவிர வேறு எதுவும் அதில் வளராது. அதுதான் அதற்குக் கோட்டைச் சுவர். சுவரைத் தளர்த்தினால் கண்டதும் உள்ளே வரும்.

இவ்வளவும் எங்கள் விற்பனை மேலாளருக்கு விளக்கியிருக்கிறேன். அவர் தலையாட்டிவிட்டு, டப்பாவின் மேல் ‘காவிரியின் தூய நீரில் வளர்ந்தது’ என்று அச்சடிக்கத் தீர்மானித்தார். காவிரியை அவர் பார்த்ததில்லை. சுருள்பாசி வளரும் தண்ணீரையும் பார்த்ததில்லை. இரண்டையும் பார்க்காதவரால்தான் அந்த வாக்கியத்தை எழுத முடியும்.

முதல் நாள் கும்பகோணம். காலையில் இட்லிக்குக் கடப்பா ஊற்றினார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்தக் குழம்பு சிங்கப்பூரில் எந்தத் தமிழ்க் கடையிலும் கிடைக்காது. கேட்டால் ஆந்திராவில் இருக்கிற ஊரா என்பார்கள். பித்தளை டபராவில் காபி வந்தது. காபி நன்றாக இருந்தது. பித்தளை டபராவைப் பற்றிச் சுவரில் எழுதியிருந்த அரைப் பக்கப் பெருமை அந்தக் காபிக்குத் தேவையில்லை.

முதல் பண்ணைக்குப் ‘பயிற்சி மையம்’ என்று பெயர். ஏசி ஹால், ஐம்பது நாற்காலி, இயக்குநர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவர். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு செல்போன். அன்று பயிற்சிக்கு வந்திருந்தவர்கள் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், இரண்டு பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். இரண்டு நாள் வகுப்பு, விதைக்கு ஒரு கேன் தாய்ப்பாசி, ஒரு சான்றிதழ். வளர்த்துக் கொடுத்தால் மொத்தத்தையும் தானே வாங்கிக்கொள்வதாக இயக்குநர் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். யாரும் தொட்டியைப் போய்ப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். தொட்டி பச்சையாக இருந்தது. கரை ஓரத்தில் தவளை உட்கார்ந்திருந்தது. சுருள்பாசித் தொட்டியில் தவளை நிம்மதியாக உட்கார்ந்திருந்தால் அதற்குமேல் மீட்டர் தேவையில்லை. இருந்தாலும் வைத்தேன், ஏழரை. கைநுண்ணோக்கியில் உருண்டை உருண்டையாகச் சாதாரணக் குளத்துப் பாசி. ஒரு ஸ்பிரிங்கூட இல்லை.

“சார், இதுல சுருளே இல்லையே,” என்றேன்.

“வெயிலுக்கு நிமிந்துக்கும் மேடம்,” என்றார். தட்டில் பாசி கலந்த பச்சை முறுக்கு கொண்டுவந்து வைத்தார். சாப்பிடவில்லை. வெல்டர் சொன்ன வழுக்குப் பாசியை மாத்திரை ஆக்குவது என்பது இங்கே உண்மையாகவே நடந்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள் தஞ்சாவூர். இணையத்தில் அழகான புகைப்படம் போட்டிருந்த பண்ணை. முகவரியில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர், “நீங்க நாலாவது ஆளு,” என்றார். பண்ணை எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. படத்தை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது மட்டும் அவர். தாஜ்மகால் படத்தையும் அவரிடம் பிரிண்ட் எடுத்திருக்கிறார்களாம். அசோகா அல்வா வாங்கிக்கொண்டு திரும்பினேன். அன்றைய குறிப்பேட்டில் நான் எழுதியது மூன்று வார்த்தை: அசோகா நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் வலங்கைமான். கும்பகோணத்திலிருந்து பக்கம்தான். பஸ்ஸில் ஏறி, ஐஸ் நிரப்பிய தெர்மோகோல் பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளினேன். கண்டக்டர் பார்த்துவிட்டார்.

“மீன் பெட்டி ஏத்தக் கூடாதும்மா.”

மீன் இல்லை, மாதிரி எடுக்கிற பாட்டில் என்றேன். திறந்து காட்டச் சொன்னார். ஐஸும் காலி பாட்டில்களும் இருந்தன. முன் இருக்கையிலிருந்த பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, இது மீன் இல்லை, ரத்த பாட்டில் என்று அறிவித்தார். ஆஸ்பத்திரிப் பொண்ணு, என்னமோ கொண்டுபோகுது என்று பின்னால் பேச்சு பரவியது. மீனைவிட ரத்தம் மோசம் என்று கண்டக்டர் முடிவுசெய்தார். பாதி வழியில் இறங்கினேன். சிங்கப்பூரில் இதே பெட்டியுடன் ரயிலில் போயிருந்தால் மூன்று படிவம் நிரப்பச் சொல்லியிருப்பார்கள். ஆனால் நிரப்பியதும் விட்டிருப்பார்கள். இங்கே படிவம் இல்லை. பெரியம்மா சொன்னது போதும். ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேரோடு பத்தாவது ஆளாக, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வெடிக்கடைகளைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன்.

மூன்றாவது பண்ணை செல்வராசு என்பவர் பெயரில் இருந்தது. குவைத்தில் பன்னிரண்டு வருடம் குழாய் வேலை. விடுப்பில் வந்திருந்தார். ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் அங்கே விசா போய்விடும். ஐந்து மாதமும் சில நாட்களும் முடிந்திருந்தன. அடுத்த வியாழக்கிழமைக்கான டிக்கெட் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. எங்கள் நிறுவனம் ஒரு வருட ஒப்பந்தம் கொடுத்தால் டிக்கெட்டைக் கிழித்துவிட்டு ஊரிலேயே இருந்துவிடுவது என்று கணவனும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள். ஒப்பந்தத்துக்கு நிறுவனத்தின் நிபந்தனை ஒன்றுதான்: அடுத்தடுத்த இரண்டு நாள் அறுவடையிலிருந்து இரண்டு மாதிரி. இரண்டும் தேற வேண்டும். அந்த மனிதர் ஊரில் இருப்பதும் போவதும் என் இரண்டு பாட்டிலில் இருந்தது. எனக்கு இது பிடிக்கவில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் பாட்டில் மட்டும்தான் வரும், ஆள் வருவதில்லை.

தொட்டிகள் இரண்டு. வயலில் ஆழமில்லாமல் வெட்டி, நீலத் தார்ப்பாய் விரித்து, வரப்பு மாதிரி கரை போட்டிருந்தார்கள். ஒரு சாண் தண்ணீர், கரும்பச்சை. சோடா மணமும் லேசாகக் கடல்பாசி வாடையும். மீட்டர் பத்தைக் காட்டியது. நுண்ணோக்கியில் சுருள் சுருளாக, நெருக்கமாக, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு. மூன்று நாளில் முதல் முறையாக எனக்கு இந்த வேலை பிடித்தது.

தொட்டியைப் பார்த்துக்கொண்டது செல்வராசு இல்லை, அவர் மனைவி வளர்மதி. கணவர் குவைத்தில் இருந்தபோதே ஆரம்பித்து ஒரு வருடமாக நடத்திவருகிறார். கும்பகோணத்து இயக்குநரிடம்தான் பயிற்சி. அவர் கொடுத்த தாய்ப்பாசி பத்து நாளில் செத்துப்போக, மதுரைப் பக்கம் வேறு இடத்தில் தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறார். தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைய வெப்பம், பி.எச்., எத்தனை முறை துடைப்பத்தால் கலக்கினார், எவ்வளவு சமையல் சோடா போட்டார் என்று எழுதி, ஒரு ஆணியில் குத்தி வைத்திருந்தார். ஒரு நாள்கூட விடவில்லை. கல்யாண வீட்டுக்குப் போன நாளில் ‘பக்கத்து வீட்டு மீனா கலக்கினாள், ரெண்டு தடவைதான்’ என்று இருந்தது. எங்கள் ஆய்வுக்கூடப் பதிவேட்டில் அப்படி உண்மையான வரி ஒன்றுகூட இருக்காது.

விண்ணப்பப் படிவத்தில் மட்டும் உரிமையாளர் செல்வராசு. நிலம் அவர் பெயரில் இருக்கிறதாம்.

சுற்றிப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். பதினொன்றாவது குறிப்பு: வாய்க்கால் பக்கக் கரையில் மடை இருக்கிறது. தொட்டிக்கு எதற்கு மடை என்று செல்வராசுவிடம் கேட்டேன். நான் கேட்டதே அவருக்குப் புரியவில்லை.

“மடை இல்லாம எப்படிங்க? தண்ணி கட்டுற எடத்துக்கு மடை வேணாமா?”

விடுப்பில் வந்ததும் கரையை எடுத்துக் கட்டியது அவர்தான். அவருடைய கைகள் வரப்பும் மடையும் சேர்ந்துதான் போடும். ஒன்றை விட்டு ஒன்று போடத் தெரியாது. நான் பன்னிரண்டாவது குறிப்புக்குப் போனேன். எழுதிவிட்டால் கவனித்ததாக ஆகிவிடும் என்று சொல்லிக்கொடுத்த படிப்பு என்னுடையது.

மதியம் விரால் மீன் குழம்பு. பேச்சில் ஊர் வந்தது. பொறையாறு என்றதும் வளர்மதிக்கு நான் மேடத்திலிருந்து தங்கச்சி ஆனேன். லூத்தரன் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகள் என்றதும் இன்னொரு துண்டு மீன் வந்தது. அவர் பிறந்தது நாகூர்ப் பக்கம். அங்கே ஆற்றுத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் சீசன் முடிந்துவிடும், போர் போட்டால் உப்புத் தண்ணீர் என்றார். அவருடைய அண்ணன் நிலத்தை இறால் வளர்க்க ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டு, கம்பெனி போன பிறகு பள்ளம் மட்டும் மிச்சம். தொட்டியை முதலில் அங்கே போடலாம் என்றுதான் தான் சொன்னதாகவும் சொன்னார். செல்வராசு சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நான்காம் நாள் விடிந்ததும் முதல் அறுவடை. வளர்மதி பாசித் தண்ணீரை மெல்லிய துணியில் வடித்தார். துணியில் தங்கியதைப் பிழிந்து, கல் தூக்கி வைத்து அழுத்தினார். அது கெட்டியான பச்சை மாவு ஆனது. அதை முறுக்கு அச்சில் போட்டு, வலையின் மேல் இழை இழையாகப் பிழிந்தார். தீபாவளிக்கும் இதே அச்சுதான், நன்றாகத் தேய்த்துவிடுவோம் என்று நான் கேட்காமலேயே சொன்னார். ஒரு இழையை வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பில்லாத, கொஞ்சம் மண் சேர்ந்த, மோசமில்லாத சுவை. முதல் பாட்டிலில் வடிக்காத பாசித் தண்ணீரை நிரப்பி மூடி, தேதி எழுதி, ஐஸில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஊரில் ஒரு சலசலப்பு. காவிரியின் கிளையான குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வருடம் மேட்டூரைத் தாமதமாகத்தான் திறந்திருந்தார்கள். பாலத்தில் பைக்குகள் நின்றன. சிலர் கேமரா போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். செம்மண் நிறத்தில், நுரையும் குச்சியும் செருப்பும் பிளாஸ்டிக் பாட்டிலும் தள்ளிக்கொண்டு வந்த தண்ணீரைப் பார்த்து ஒருவர் கும்பிட்டார். கண்டக்டர்கூடப் பஸ்ஸை இரண்டு நிமிடம் நிறுத்திவைத்தார். என் பெட்டியை அன்று யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் விடியற்காலை போனபோது செல்வராசு தொட்டிக் கரையில் நின்றிருந்தார். முகத்தில் சந்தோஷம். மண்வெட்டி தோளில்.

“வாங்க மேடம். நேத்து அந்தியில வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு. நம்ம முறை முதல் முறை. ரெண்டு தொட்டிக்கும் வெச்சுட்டேன்.”

இரண்டு தொட்டியும் கரை தொட நிரம்பியிருந்தன. கரும்பச்சை போய், பால் விட்ட பச்சை மசால் நிறம். கீழே வண்டல், மேலே நுரை. பாசியும் களிமண்ணும் ஒட்டித் திட்டுத் திட்டாக அடியில் உட்கார்ந்துகொண்டிருந்தது. வரப்பு ஓரத்தில் ஒரு தவளை. மீட்டர் ஒன்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஊர் வாய்க்காலில் என்னவெல்லாம் கலக்கிறதோ அவ்வளவும் இப்போது தொட்டியில். எந்த ஆய்வுக்கூடமும் இதை மனிதர் வாய்க்கு அனுப்பாது.

வளர்மதி வீட்டிலிருந்து வந்தார். பார்த்தார். கையிலிருந்த துடைப்பத்தைக் கரையில் சாத்திவைத்தார். முந்தின நாள் சாயங்காலம் அவர் மாரியம்மன் கோவிலுக்குப் போயிருக்கிறார். திரும்பியதும் இருட்டிவிட்டதால் தொட்டிப் பக்கம் வரவில்லை.

எதற்காகத் திறந்தீர்கள் என்று நான் கேட்டேன். என் குரலில் இருந்தது ஏளனம்தான், மறைக்க முயலவில்லை. பழைய தண்ணீர் நாற்றம் அடிக்கிறது, மேடம் வந்திருக்கும் நேரத்தில் புதுத் தண்ணீர் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தாராம். பிறகு வேறு மாதிரி, கொஞ்சம் தணிந்து சொன்னார்:

“ஊரே மடைய தொறந்து வெச்சிருக்கு. நம்ம வயல் மட்டும் பழைய தண்ணியில கெடந்தா எப்படிங்க பாத்துட்டு நிக்கிறது?”

வயல் என்றார். பன்னிரண்டு வருடம் பாலைவனத்தில் குழாய் மாட்டிய மனிதர். அங்கே ஒவ்வொரு ஜூன் மாதமும் போன் செய்து தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்பாராம். இந்த முறைதான் அது வந்தபோது கையில் மண்வெட்டியுடன் இருந்திருக்கிறார். இதற்கு எதிராக என்னிடம் இருந்தது பதினொன்றாவது குறிப்பு.

பிறகு செல்வராசு என் பெட்டியைப் பார்த்தார்.

“நேத்து எடுத்த பாட்டில் இருக்குல்ல. அதுல பாதிய இன்னொண்ணுல ஊத்தி, இன்னைக்குத் தேதி போட்டுடுங்க. யாருக்குத் தெரியப் போவுது.”

யாருக்கும் தெரியாது. முதல் மாதிரி நல்ல மாதிரி. இரண்டு பாட்டிலும் தேறும். ஒப்பந்தம் வரும், டிக்கெட் கிழியும். ஒரு மாதத்தில் வளர்மதி தொட்டியைச் சரிசெய்தும்விடுவார். எங்கள் மேலாளரின் டப்பாவில் இருக்கும் பொய்யைவிட இது சின்னப் பொய். என் கை பெட்டி மூடிமேல் இருந்தது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

“இன்னைக்குத் தண்ணியவே எடுங்க தங்கச்சி,” என்றார் வளர்மதி.

செல்வராசு அவரைப் பார்த்தார்.

“இவரு இங்க இருந்தா அடுத்த வருசத் தண்ணிக்கும் தொறப்பாரு. வாய்க்கால் பக்கத்துல இருக்கிற வரைக்கும் தொறக்காம இருக்க இவரால முடியாது. நீங்க எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு எவனோ தின்னுட்டு வயித்த வலின்னா, காலண்டர் தாளுல என் கையெழுத்துதான இருக்கு.”

பிறகு கணவரிடம், குரல் மாறாமல், அண்ணன் ஊருக்குப் போகலாம் என்றார். அங்கே வாய்க்கால் இல்லை. திறக்க மடையும் இல்லை.

“மச்சான் வீட்டுல போயி வீட்டோட மாப்பிள்ளையா ஒக்காந்து பாசி வளக்குறதா? அதுக்கு நான் குவைத்துலயே குழாய் மாட்டிட்டுக் கெடப்பேன்,” என்றார் செல்வராசு.

“கெடங்க,” என்றார் வளர்மதி. அவ்வளவுதான்.

இரண்டாவது பாட்டிலில் அன்றைய தண்ணீரை எடுத்தேன். தேதி எழுதினேன். செல்வராசு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மடையை மண் வெட்டிப் போட்டு அடைத்தார். இனி அடைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் ரொம்ப ஒழுங்காக, மிதித்து மிதித்து அடைத்தார்.

வளர்மதி என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். கொய்யா மரத்தடியில் இரண்டு நீல டிரம். திறந்தால் கரும்பச்சை. ஒவ்வொரு மாதமும் நல்ல பாசியை விதை மாதிரி எடுத்து வைத்துவிடுவாராம். மீட்டர் வைத்தேன். பத்து. இந்த டிரம்மைப் பற்றிக் கணவரிடம் சொல்லவில்லையா என்றேன். “சொன்னா அதுக்கும் ஒரு மடை வெச்சுடுவாரு,” என்றார். அந்தக் காலையில் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

ஆறாம் நாள் ஒரு டிரம்மைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி நாகூர்ப் பக்கம் போனோம். எனக்கு விமானம் மறுநாள் காலையில்தான். தண்ணீரைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று வளர்மதி கேட்டிருந்தார். அது என் வேலைப் பட்டியலில் இல்லாதது. டிரம் குலுங்காமல் இருக்க அவர் பின்னால் ஏறி அதைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துகொண்டார். திருவாரூர் தாண்டி ஒரு வேகத்தடையை டிரைவர் மதிக்கவில்லை. மூடி தெறித்து ஒரு குடம் பச்சை, வளர்மதியின் புடவையிலும் பின்னால் வந்த மொபெட்காரரின் வெள்ளை வேட்டியிலும். அவர் வண்டியை மறித்து, இது என்ன விஷம் என்று கேட்டார். வளர்மதி இறங்கி, விரலால் தொட்டு நக்கிக் காட்டினார். வேட்டிக்காரர் கொஞ்சம் பயந்துபோய் வழிவிட்டார்.

அண்ணன் நிலத்தில் வரப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இறால் பள்ளங்கள் வறண்டு வெடித்துக் கிடந்தன. மர நிழல் இல்லை. வெயில் நேராகத் தலையில் இறங்கியது. அண்ணன் எங்களை வரவேற்ற விதம்: “நெல்லு வராது, புல்லு வராது, ஆடுகூடத் திரும்பிப் பாக்காது. இதுல என்னத்தப் போடப் போறீங்க?” போர்த் தண்ணீரை நாக்கில் வைத்தேன். துப்பினேன். கரிப்பு. மீட்டர் எட்டரைக்கு மேல் காட்டியது, சோடா போடுவதற்கு முன்பே. சுண்ணாம்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அடியில் படியும், துடைத்து எடுக்க வேண்டும். மற்றபடி, நான் ஆறு நாளில் பார்த்த இடங்களில் சுருள்பாசிக்கு ஏற்ற இடம் இது ஒன்றுதான். எங்கள் மேலாளர் இதைப் படம் எடுத்து டப்பாவில் போட மாட்டார்.

இதை வளர்மதியிடம் சொன்னேன். அவர் அண்ணனைப் பார்த்து, “கேட்டுக்கிட்டியா?” என்றார். ஒரு வருடமாக அதையே அவர் சொல்லிவந்திருக்கிறார். படித்தவள் வாயால் வந்தபோது அண்ணன் பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தார்.

கிளம்புவதற்கு முன் நாகூர் கடைத்தெருவில் வளர்மதி இறால் வாடா வாங்கிக் கொடுத்தார். சூடு, மொறுமொறுப்பு, நடுவில் ஒரே ஒரு இறால். நடுவில் இருப்பது கடைசிவரை தெரியாமல் கடித்துக்கொண்டே போக வேண்டும். புடவையில் காய்ந்த பச்சையோடு வளர்மதியும் நானும் நின்றபடி சாப்பிட்டோம். அடுத்த வியாழக்கிழமை அவர் கணவர் போய்விடுவாரா என்று நான் கேட்கவில்லை.

ஒரு வருடம் ஆகிவிட்டது. இப்போது நிலைமை இது. இரண்டு மாதிரியில் ஒன்று தேறியது, ஒன்று தேறவில்லை. அந்த விண்ணப்பத்தை நான்தான் நிராகரித்துக் கையெழுத்துப் போட்டேன். கும்பகோணத்துப் பயிற்சி மையத்தில் இன்னமும் வகுப்பு நடக்கிறது. வலங்கைமான் தொட்டிகளிலிருந்து தார்ப்பாயை எடுத்துவிட்டார்கள். அங்கே சம்பா நட்டிருக்கிறது. செல்வராசு குவைத்தில் இருக்கிறார். நாகூர்ப் பக்கம் மூன்று தொட்டிகள் ஓடுகின்றன, ஒன்றிலும் மடை இல்லை. போன வாரம் புது விண்ணப்பம் வந்தது. உரிமையாளர் பெயர் வளர்மதி, கூடவே காலண்டர் தாள் முப்பது. மாதிரி எடுக்க இன்னும் யாரையும் அனுப்பவில்லை. கடைசித் தாளில், பி.எச். பத்து என்று எழுதியதற்குக் கீழே, எனக்காக ஒரு வரி இருந்தது: அவர் போன் பண்ணினார், ஆத்துல தண்ணி வந்துடுச்சான்னு கேட்டார், வந்துடுச்சுன்னு சொன்னேன்.